சுண்ணாம்புக் கணக்கு

ஊரின் பெயர் ஓடாதே.
ஜப்பானின் வடக்கே,
பனி இறங்கிவிட்டால்
பெயரே போதும் அறிவுரைக்கு.
ஃபுசாயே ஓடவும் இல்லை.
குப்பைப் பையோடு மூன்றாம் படியில்
நின்றுகொண்டிருந்தாள், அவ்வளவுதான்.
சறுக்கி உட்கார்ந்ததில்
முதுகெலும்பில் ஒரு கண்ணி
நனைந்த அட்டைப்பெட்டிபோல் அமுங்கிப்போயிற்று.

படம் பார்த்த மருத்துவர்,
எலும்பில் சுண்ணாம்பு போதவில்லை என்றார்.
அவள் திரும்பித் தொகுஜியைப் பார்த்தாள்.
பதினாறு வருடம் முன்பு
இதே மருத்துவமனை, எதிர் அறை:
உங்கள் இதய வால்வில்
சுண்ணாம்பு கூடிவிட்டது.

ஒரே சட்டி மீன்.
ஒரே பானைச் சோறு.
அவளுக்கு வந்துசேராத பாக்கி
அவருக்கு வட்டியோடு போயிருக்கிறது.

இரண்டு மாத்திரை எழுதினார்.
டி, வெள்ளை. அது
சுண்ணாம்பை உடம்புக்குள் அழைத்து வரும்.
கே, ஆரஞ்சு. அது கையைப் பிடித்து
இரத்தக் குழாயில் தங்காதே,
எலும்புக்குப் போ என்று அனுப்பிவைக்கும்,
என்கிறார்கள்.
'என்கிறார்கள்' என்றுதான் மருத்துவரும் சொன்னார்.
நாட்டோவும் சாப்பிடுங்கள் என்றார்.

நாட்டோ, புளிக்கவைத்த சோயா.
குச்சியால் தூக்கினால்
நூல் நூலாய்க் கூடவே எழும்.
வாடை அதற்கும் முன்னால் எழும்.
அவளுக்கு அது உயிர். அவருக்கும்.
ஆனால் உலோக வால்வு வைத்த நாள்முதல்
இரத்தம் உறையாதிருக்க
அவர் விழுங்கும் வார்ஃபரினுக்கும் கே-க்கும்
ஜென்மப் பகை.
நாட்டோ ஒரு வாய்கூட ஆகாது.
அவருக்கு ஆகாதது தனக்கும் வேண்டாமென்று
அன்றே விட்டவள்தான்.
அவள் சொல்லவில்லை.
அவர் கேட்கவுமில்லை.

இப்போது அவரே போய் வாங்கி வந்தார்.
முகமூடி, கையுறை,
பனிக்குத் திறந்துவிட்ட சமையலறை ஜன்னல்.
எண்ணி ஐம்பது சுற்று கலக்கினார்.
"குச்சியை நக்கிடாதீங்க."
"பார்க்கலாமா?"
"பாருங்க."

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு.
நீலப் பெட்டி அவருக்கு, சிவப்பு அவளுக்கு;
வாரத்துக்கானதை நிரப்ப உட்கார்ந்தாள்.
ஆரஞ்சு இருபத்தொன்று இருக்கவேண்டும்.
இருபது.
கண்ணாடியைத் துடைத்துவிட்டு எண்ணினாள்.
இருபது.
"ராத்திரி மாத்திரை என்ன நிறத்தில் போட்டீங்க?"
"தண்ணீர் நிறத்தில்."
அவள் சிரிக்கவில்லை.

மருந்துக்கடைக் குவாபாரா
போனில் கொட்டாவியை அடக்கிக்கொண்டு சொன்னாள்:
பதறாதீர்கள், நீங்களாக எதையும் கூட்டாதீர்கள்,
எதையும் நிறுத்தாதீர்கள்,
காலையில் இரத்தம் பார்த்துவிடலாம்.
பேச்சு குழறினாலோ கை துவண்டாலோ
அந்த நிமிடமே ஆம்புலன்ஸ்.

விளக்கை அணைத்ததும் வால்வு தொடங்கியது.
டிக். டிக்.
தூக்கத்தைக் கெடுக்கிறது,
போர்வையை நெஞ்சுக்கு இழுங்கள் என்று
வருடக்கணக்காக அவள் திட்டிய ஓசை.
இன்று போர்வையை விலக்கிவைத்துக் கேட்டாள்.
ஒரு டிக்குக்கும் அடுத்ததுக்கும் நடுவில்
எவ்வளவு இடம் இருக்கிறது,
ஒரு ஆள் விழுந்துவிடுமளவு.

மூன்று மணிக்கு உலுக்கி எழுப்பினாள்.
"உங்க பேர் என்ன?"
"தொகுஜி."
"என் பேர்?"
இருட்டில் கொஞ்சம் யோசித்தார்.
அவளுக்கு வயிறு கலங்கிற்று.
"குச்சியை நக்காதே."

இரத்தத்தில் எண் சரியாக இருந்தது.
காணாமற்போனது ஏப்ரலில் கிடைத்தது,
குக்கரின் அடியில்,
சூட்டில் இளகித் தரையோடு ஒட்டி.
கத்தி முனையால் சுரண்டினாள்.
அவரிடம் சொல்ல வாயெடுத்து,
பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டாள்.

காலை. படிகளில் பனி கரைகிறது.
அவருக்குப் புகையூட்டிய முள்ளங்கி ஊறுகாய்.
அவளுக்கு நாட்டோ.
குச்சியை உயர்த்தினாள்.
ஒற்றை நூல் அறுபடாமல் நீண்டு
வெயிலில் ஆடி ஆடி
மேசையின் நடுவரைக்கும் வந்தது.
தொகுஜி தன் தட்டை
ஒரு விரற்கடை பின்னால் இழுத்துக்கொண்டார்.
நாற்காலியை இழுக்கவில்லை.